இருநூற்றுப் பத்து பாயிண்ட்

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி. கோடில்லாத தாளில் எழுதினால் என் எழுத்து போகப் போக மேலே ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். கோணலான எதையும் பார்த்தால் இன்றைக்கும் அதை நேராக்கிவிட்டுத்தான் நகர்வேன். அமைந்த தொழிலும் அதற்குத் தகுந்தது.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். வேறு யார் கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். போலீஸோடு சேர்ந்து விசாரிக்கிற வாகன ஆய்வாளர் என்ற உங்கள் உத்தியோகத்துக்காகவும் எழுதவில்லை. திங்கட்கிழமை நீங்கள் பட்டறைக்கு வந்து, அந்த உடைந்த இன்ஜினின் ஹெட்டை மேஜையில் வைத்து, வெர்னியர் அளவுகோலை வைப்பதற்கு முன்னால் பையிலிருந்து துணியை எடுத்து அடிப்பரப்பைத் துடைத்தீர்கள். இருபத்தாறு வருஷமாக எங்கள் பட்டறைக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அளப்பதற்கு முன்னால் துடைத்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆறு இடத்தில் அளந்தீர்கள். ஆறிலும் ஒரே அளவு வந்தபோது உங்கள் புருவம் கொஞ்சம் உயர்ந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

விஷயம் தெரிந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இதை நீதிமன்றத்தில் படிக்கப் போகிறவர் கார் சாவியைத் திருகுவதோடு சரி என்று இருப்பவராக இருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன். இன்ஜினின் மேல்மூடிதான் ஹெட். அதன் அடியில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் நேராக ஒரு குழி இருக்கும். பெட்ரோலும் காற்றும் அந்தக் குழிக்குள் நசுங்கித்தான் எரியும். ஹெட்டை மில்லிங் மெஷினில் ஏற்றி அடிப்பரப்பைச் சீவினால் குழி ஆழம் குறைந்து சிறிதாகும். குழி சிறிதானால் நசுக்கு கூடும். அதனால் இழுவை கூடும். வண்டி பறக்கிறது என்று ஓட்டுபவர் சந்தோஷப்படுவார். அளவு மீறிச் சீவினால் பெட்ரோல் எரிவதை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். இன்ஜின் தட்டுகிறது என்போம். தட்டத் தட்ட மிதித்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

இன்னொன்றும் உண்டு. உயரத்தில் காற்று மெலிது. அங்கே கொஞ்சம் அதிகமாகச் சீவிய ஹெட்டும் தட்டாது, நன்றாகவே ஓடும். அதே வண்டியைச் சமவெளிக்கு இறக்கி, மதிய வெயிலில் ஆளை ஏற்றிக்கொண்டு மிதித்தால் தட்டும். எங்கள் ஊர் மலை மேல் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதை ஒரு பாயிண்ட் என்போம். எத்தனை பாயிண்ட் சீவினோமோ அந்த எண்ணை ஹெட்டின் பக்கவாட்டில் உளியால் குத்திவிட வேண்டும். அடுத்துச் சீவுகிறவர் அதைப் பார்த்துத்தான் மிச்சம் எவ்வளவு இருக்கிறதென்று முடிவு செய்வார். இதைச் சட்டமாக யாரும் போடவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எவரும் அந்த எண்ணைச் சந்தேகப்படுவதில்லை. கடன் வாங்கினவன் பொய் சொல்லலாம், கட்டிக்கொண்டவன் பொய் சொல்லலாம், குத்தின எண் பொய் சொல்லாது என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

இனி என் தம்பி.

அவனை ஊரில் கைராசி என்பார்கள். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். அப்பா போன பிறகு பட்டறையின் முன்பக்கம் அவனுக்கு வந்தது, பின்பக்கம் எனக்கு வந்தது. கல்யாணம் ஒத்துவராமல் இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்குப் பின்பக்கம் கிடைத்ததே பெரிது என்று எல்லோரும் நினைத்தார்கள். பின்பக்கத்தில் மில்லிங் மெஷின் இருந்தது. அதை விற்ற கம்பெனியிலிருந்து கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். முதல் இரண்டு நாள் அவர் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு போனார்.

தம்பி செய்வது இதுதான். இன்ஜினைப் பூட்டி முடித்ததும் பானெட்டின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு சாவியைத் திருகுவான். வண்டி கிளம்பும். கிளம்பாமல் என்ன செய்யும்? நான்கு குழியையும் நான் அளந்து வைத்திருப்பேன். குழியின் மேல் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை ஒட்டி, அதிலுள்ள துளை வழியாகக் கண்ணாடிக் குழாயிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும். நான்கிலும் ஒரே அளவு வரும்வரை இழைப்பேன். சில ஹெட்டுக்கு இரண்டு நாள் ஆகும். அப்படிக் கட்டின இன்ஜின் ஓடும்போது அதன் மேல் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம், விழாது. தம்பி வாடிக்கையாளர்களுக்கு நாணயத்தை நிறுத்திக் காட்டுவான். அவர்கள் அவன் கையைப் பார்ப்பார்கள்.

"கைராசி இருக்காரா?"

"வெளிய போயிருக்கான். என்ன வேணும், நான் பாக்கறேன்."

"இல்லம்மா, பரவால்ல. அவரே வரட்டும். அவரு ஒரு தடவ தொட்டாப் போதும்."

நான் தொட்டுத் தொட்டுத்தான் என் விரல்ரேகை தேய்ந்து போயிருக்கிறது. நேற்று உங்கள் ஆள் என் கையை மையில் உருட்டியபோது, "என்னம்மா, ஒண்ணுமே விழமாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கீழே சமவெளியிலிருந்து ஒரு பெரிய பட்டறையின் முதலாளி வந்தார். எங்கள் ஹெட் ஒன்று எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. அதைச் சாக்கில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இந்த ஹெட்டச் சீவினது யாருங்க? அந்தக் கை எனக்கு வேணும். என்ன சம்பளம் கேட்டாலும் தர்றேன்."

வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"என் பையன்தாங்க. அவன் கை அப்படி." பிறகு உள்ளே திரும்பி, "ஏண்டி, டீ போட்டுக் கொண்டா."

டீ போட்டுக் கொண்டுபோனேன். என் முழங்கை வரை அலுமினியத் தூள் மின்னிக்கொண்டிருந்தது. முதலாளி டம்ளரை வாங்கிக்கொண்டார். சர்க்கரை கொஞ்சம் கூட என்றார்.

தம்பி வேலைக்குப் போய்ப் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தான். "அங்க தண்ணி ஒத்துக்கல அவனுக்கு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். ஒத்துக்கொள்ளாதது வெர்னியர். அங்கே அதைக் கையில் கொடுத்து அளவைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவைப் பற்றித் தப்பாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருப்பார். என் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி அதிகமாகவே விழும். என் வேலையை மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் இருப்பதாகவும் அவருக்குப் பட்டதில்லை.

போன வருஷக் கடைசியில் தம்பி ஒரு பழைய வேன் வாங்கினான். இழுவை போதவில்லை என்றான். நான் கணக்குப் போட்டு எண்பது பாயிண்ட் சீவினேன். மலையிலும் கீழேயும் தட்டாமல் ஓடுகிற அளவு அது. எண்பது என்று பக்கத்தில் குத்தினேன். வேன் பிரமாதமாக ஓடியது. ஒருநாள் எல்லோரும் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஏற்றத்தில் ஒரு புதுக் காரைத் தாண்டினான். அம்மா முன்சீட்டில் இருந்தார். தம்பி மனைவியும் நானும் பின்னால்.

"அண்ணி சீவினதும் நல்லாத்தான் இருக்கு, அத்த" என்றாள் தம்பி மனைவி. நல்ல பெண். யாருக்கும் மனம் நோகக் கூடாது அவளுக்கு.

"அவ சீவிக் குடுப்பா" என்றார் அம்மா. "உயிர் குடுக்கறது இவன்தான்."

தம்பி சிரித்தான். மறுக்கவில்லை.

அந்த வார்த்தைக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிட வேண்டாம். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு செய்கிற ஆள் நானில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம் நிரூபணமாக வேண்டியிருந்தது. உயிர் கொடுப்பது யார் என்று. அளந்து பார்க்கக்கூடிய கேள்விதான் அது. இருபத்தாறு வருஷமாக யாரும் அளக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இந்த வருஷம் வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில் அவனே வந்து நின்றான்.

"அக்கா, வேன் ஹெட்ட இன்னும் கொஞ்சம் சீவிக் குடேன்."

"எவ்வளவு?"

"நீ பாத்து எடு. பறக்கணும். அடுத்த வாரம் வியாழக்கெழம கீழ கொண்டுபோயி அந்த மொதலாளிகிட்ட காட்டணும். அந்தாளு என்னப் பத்தி என்னென்னவோ பேசிக்கிட்டுத் திரியறான்."

"பதினஞ்சு பாயிண்ட்தான் மிச்சம் இருக்கு. அதுக்கு மேல எடுத்தா கீழ தட்டும்."

"நான் கை வெச்ச வண்டி என்னிக்குத் தட்டிருக்கு?"

நான் வெர்னியரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சரி சரி, மூஞ்சியத் தூக்காத. பதினஞ்சே எடு."

அவன் கேட்டது பதினைந்து. நான் எடுத்தது நூற்று முப்பது. முன்னால் எடுத்த எண்பதோடு சேர்த்து இருநூற்றுப் பத்து. உங்கள் வெர்னியர் காட்டியதும் அதுதான். முதன்முதலில் ஐம்பது சி.சி. இருந்த குழி நாற்பத்தொன்று புள்ளி ஆறு ஆனது. நான்கு குழியும் ஒரே நாற்பத்தொன்று புள்ளி ஆறு. கெடுக்கிற வேலைதானே என்று நான் அசட்டையாக இருக்கவில்லை. இவ்வளவு சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்று, குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைப் பிஸ்டன் தலையில் வைத்து, ஹெட்டைப் பூட்டிச் சுற்றிப் பார்த்து, மண் நசுங்கின கனத்தை அளந்தேன். இடிக்கவில்லை. மலை மேல் பட்டு மாதிரி ஓட வேண்டும், கீழே போனதும் நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கிறவனால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

பிறகு உளியை எடுத்து, எண்பதுக்குப் பக்கத்தில் பதினைந்து என்று குத்தினேன்.

இருபத்தாறு வருஷத்தில் நான் குத்தின முதல் பொய் அது. எண் நேராக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.

அவனுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹெட்டை அதிகமாகச் சீவினால் அது கீழே இறங்கி உட்காரும். மேலே வால்வை அழுத்துகிற பாகத்துக்கும் அதைத் தள்ளுகிற கம்பிக்கும் நடுவில் இடைவெளி போய்விடும். அதைச் சரிசெய்கிற திருகை வழக்கத்தை விட ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டிவரும். பதினைந்து பாயிண்டுக்கு அவ்வளவு தளராது. அவன் பூட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். மூன்றாவது திருகில் அவன் நிமிர்ந்தான்.

"என்னக்கா இது, இவ்ளோ வெளிய வருது?"

"கம்பி தேஞ்சிருக்கும்."

தேய்ந்த கம்பி குட்டையாகும். குட்டையானால் இடைவெளி கூடும், திருகை இறுக்க வேண்டும். நான் சொன்னது நேர் எதிர். இந்தத் தொழிலில் ஒரு மாதம் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தவன்கூட ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "என்னக்கா விளையாடறியா" என்று கேட்டிருப்பான்.

"ஆமா, பழைய வண்டிதானே" என்றான் கைராசி.

அப்புறம் டைமிங்கை, அதாவது பெட்ரோலில் பொறி விழுகிற நேரத்தை, காதால் வைத்தான். அவன் எப்போதும் காதால்தான் வைப்பான். மலைக்காற்றில் இனிமையாகக் கேட்கிறதென்று இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தான். பொறி முந்தினால் தட்டுவதும் முந்தும்; நான் போட்ட கணக்கில் இல்லாத உபகாரம் அது. பானெட்டை மூடினான். கை வைத்தான். சாவியைத் திருகினான். வேன் கிளம்பின சத்தத்தைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்தார்.

"கைராசின்னா கைராசிதான்ப்பா."

ஐந்தாறு நாள் வேன் மலைமேல் பறந்தது. நான் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். சமவெளி ரோட்டில், அந்த முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மிதிக்கும்போது வண்டி தட்டி நிற்கும். அம்மா காதுக்கு வரும். அவ்வளவுதான் என் திட்டம். ஒரு இன்ஜின் போயிருக்கும், ஒருவன் முகம் கறுத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது.

எங்கள் ஊர் டாக்டர் வீட்டுக்கே வந்தார். மாத்திரை கொடுத்துவிட்டு, "கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல போயிட்டா பயமில்ல" என்றார். ஆஸ்பத்திரி வண்டி காலையிலேயே ஒரு பிரசவத்துக்காகக் கீழே போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் தன் காரைத் திருப்பி எங்கள் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். இருபது வருஷத்துக் கார். அதன் ஹெட்டை நான்தான் ஒருமுறை சரிசெய்து கொடுத்தேன். அதற்கு எந்தக் கேடும் வராது.

"ஏத்துங்கம்மா, போயிடலாம்" என்றார் வாத்தியார்.

தம்பி உள்ளே அம்மாவுக்குச் செருப்பு தேடிக்கொண்டிருந்தான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நின்றிருந்தேன்.

"வேணாம் சார். உங்க வண்டி மெதுவாப் போகும். தம்பி வண்டி இருக்கு."

இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். அவர் சொன்னது சரிதான். வார்த்தை மாறாமல் சொல்லியிருப்பார், கணக்கு வாத்தியார் அல்லவா. ஆனால் ஒன்றை அவர் விட்டிருக்கலாம். அம்மாவும் அதையேதான் சொன்னார். நாற்காலியோடு தூக்கி வரும்போது, "என் புள்ள வண்டியிலயே போறேன், அவன் ஓட்டினா பயமில்ல" என்றார். நோயாளி கேட்டதைத்தான் நாங்கள் செய்தோம்.

வேனின் பின்சீட்டில் படுக்கவைத்துத் தலையணையை நான்தான் வைத்தேன். கழுத்து வளையாமல் இருக்க இன்னொரு துணியை மடித்துக் கீழே கொடுத்தேன். தம்பி மனைவி காலடியில் உட்கார்ந்தாள்.

"நீ வரலயாடி?"

"பட்டறைய யாரு பாக்கறது?"

"ஆமா, நீ இரு. அவன் இருக்கான்ல."

கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு ஒருமுறை சாத்தினால் பூட்டாது, இரண்டாவது முறை அழுத்த வேண்டும். அழுத்தினேன்.

அந்த நிமிஷத்தில் நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டியதை எல்லாம் முந்தின வாரமே செய்து முடித்திருந்தேன். பிற்பாடு ஒருத்திக்கு நெஞ்சு வலி வந்ததற்கு மில்லிங் மெஷின் என்ன செய்யும்?

உள்ளே வந்து மெஷினைத் துடைத்தேன். நாற்பது நிமிஷத்தில் மலை இறங்கியிருப்பார்கள். அடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டர் நேர் ரோடு, மரமே கிடையாது. மதிய வெயில், வண்டியில் மூன்று பேர், ஓட்டுபவனுக்கு அவசரம். முப்பது கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டேன். முப்பத்தொன்று ஓடியது. ஒரு கிலோமீட்டர் பிழை. நடுவில் கொஞ்ச நேரம் மேகம் மூடியிருக்கும்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா, வண்டி நின்னுடுச்சு. தட்டிச்சு, தட்டிச்சு, டமார்னு நின்னுடுச்சு. பொகையா வருது. ஆஸ்பத்திரி வண்டிக்கு அடிச்சேன், அம்பது நிமிஷம் ஆகும்கறான். அம்மா மூச்சு வாங்குது. என்ன பண்றதுக்கா?"

என்ன பண்ணுவது என்று அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் அம்மாவின் குரல் ஏதோ சொல்வது கேட்டது. தெளிவாக இல்லை.

"என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று கேட்டேன்.

"சுத்தியால அடிக்கற மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"அக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப? சொல்லுக்கா."

"கை வெச்சுப் பாரு" என்றேன்.

உங்களிடம் அழைப்பு விவரம் இருக்கும். நாங்கள் பேசினது நான்கு நிமிஷம். அதில் கடைசி மூன்று நிமிஷம் நான் எதுவும் பேசவில்லை. அவன் உண்மையிலேயே கை வைத்தான். பானெட்டைத் திறந்து, கொதிக்கிற இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறான். தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்துநாலு வயது ஆண்பிள்ளை. சூடு என்றால் என்னவென்றுகூட அளந்து பார்க்கத் தெரியாதவனைத்தான் ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

வாத்தியாரின் கார் அப்போதும் கேட்டில்தான் நின்றிருந்தது. அனுப்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அது போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆஸ்பத்திரி வண்டி ஐம்பது நிமிஷத்தில் வந்துவிடும். கணக்குப்படி அனுப்புவதில் அர்த்தமில்லை. அம்மா நாற்பதாவது நிமிஷத்தில் போய்விட்டார். முதலிலேயே அந்தக் காரில் ஏற்றியிருந்தால், மெதுவாகப் போயிருந்தாலும், நடுரோட்டு வெயிலில் கிடந்து பதறாமல், டாக்டர் சொன்ன கெடுவுக்குள் இரண்டேகால் மணி நேரத்தில் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார் என்று வாத்தியார் உங்களுக்குத் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் பார்த்தேன். கூட்டல் சரியாக இருக்கிறது.

நேற்று உங்கள் மேஜையில் இன்னொரு தாளையும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன் என்று சொன்னேன். தம்பி எழுதிக்கொடுத்தது. வலது கையில் கட்டு, அதனால் இடது கையால் கிறுக்கியிருக்கிறான். "ஹெட்டைச் சீவியது, எண் குத்தியது, பூட்டியது எல்லாம் நானே. ஆசைப்பட்டு அதிகமாகச் சீவிவிட்டேன். என் அக்காவுக்கு எதுவும் தெரியாது."

அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.

"உங்களக் காப்பாத்தறதுக்காகத்தாம்மா அப்படி எழுதியிருக்காரு" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். நீங்கள் நல்லவர், அதனால் அப்படித் தோன்றுகிறது. அவனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என் வேலையைத் தன் வேலை என்று சொல்வது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. அம்மா சொல்லிக்கொடுத்துச் சொன்னான், ஊர் சொல்லிக்கொடுத்துச் சொன்னான், இப்போது யாரும் கேட்காமலே சொல்கிறான். நான்கு குழியும் ஒரே அளவு, ஆறு இடத்தில் ஒரே உயரம், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மயிரிழை மிச்சம். இதையும் அவன் பெயரில் எழுதிக்கொண்டு ஜெயிலுக்குப் போவானாம். சந்தேகமிருந்தால் அவனை மெஷின் முன்னால் நிறுத்தி ஒரு ஹெட்டைச் சீவச் சொல்லுங்கள். கட்டு பிரித்த பிறகே சொல்லுங்கள், சாக்கு இருக்கக் கூடாது. ஆறு இடத்தில் ஆறு அளவு வரும்.

ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுகிறேன். வேனின் ஹெட்டை இருநூற்றுப் பத்து பாயிண்ட் சீவியது நான். பொய் எண்ணைக் குத்தியது நான். அது கீழே போனால் நின்றுவிடும் என்று தெரிந்து அம்மாவை அதில் ஏற்றியது நான். என் தம்பிக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு எப்போதுமே எதுவும் தெரியாது.

தம்பி மனைவி உங்களிடம் ஏதோ சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். என்னிடமும் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த அன்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வண்டி நின்னதும் அத்த உங்களத்தான் கேட்டாங்க அண்ணி. 'பெரியவளக் கூப்புடு, அவ அளந்து பாத்தா என்னன்னு சொல்லிடுவா. இத்தன நாளா எல்லாத்தையும் ஓட வெச்சது அவதான், இவனுக்கு என்ன தெரியும்'னாங்க. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நீங்க ஃபோன்ல இருக்கும்போதுகூட."

அந்தப் பெண்ணுக்கு எதையும் சரியாகக் கேட்கத் தெரியாது. கடையில் சொன்ன விலை வீட்டுக்கு வருவதற்குள் மாறிவிடும். வெயில் வேறு, பதற்றம் வேறு. என்னைச் சமாதானப்படுத்தவும் சொல்லியிருப்பாள்.

அதை இதில் சேர்க்க வேண்டாம். காதில் விழுந்ததுதான். யாரும் அளந்தது கிடையாது.